பனிக்குளிரில் உறையும் கேம்பர் வண்டித் தண்ணீர்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தது என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க முடியாது. மார்கழியிலும் ஒரு போர்வைக்கு மேல் தேவைப்படாத ஊர் இது. அதனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வேனை, உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகும் கேம்பராக மாற்றும்போது, வீட்டுக்குப் போடும் அதே யூபிவிசி குழாய், அதே எல்போ, அதே பைப் பசையைத்தான் வண்டிக்கும் போடுகிறோம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்பதுதான் இங்கே முதல் கவலை. உறைபனி யாருடைய கணக்கிலும் இல்லை.

ஆனால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு முனை கன்னியாகுமரி என்றால், மறுமுனை ஸ்ரீநகர். அங்கே டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிர். உள்ளூர்க்காரர்கள் அதைச் சில்லை கலான் என்கிறார்கள். தால் ஏரியின் மேற்பரப்பே உறையும் காலம். லடாக்கில் அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். அக்டோபரிலேயே பாங்காங் ஏரிக்கரை இரவுகள் உறைநிலைக்குக் கீழே போய்விடும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கும் அப்படித்தான். வடக்கே போகாதவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பகுதிகளில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரே ஓர் இரவு போதும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லும் எல்லாம் எளிதாகிவிடும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. குழாயின் நடுவே ஐஸ் அடைத்துக்கொண்டு வளர வளர, அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய்த் திருகுக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம்தான் பெரும்பாலும் குழாயை உடைக்கிறது. ஆகவே ஐஸ் கட்டிய இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்று. வெடித்தாலும் அப்போது ஒழுகாது. ஐஸே அடைப்பாக நிற்கும். உருகிய பிறகுதான் தண்ணீர் வெளியே வரும். "ராத்திரி நன்றாகத்தான் இருந்தது, மதியம் திடீரென்று ஒழுகுகிறது" என்று வரும் எல்லா அழைப்புகளுக்கும் காரணம் இதுதான்.

காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை; மோட்டார் மட்டும் ஓடுகிறது

முதலில் மோட்டார் சுவிட்சை அணையுங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும், சூடும் குளிரும், திறந்து வைத்துவிடுங்கள். ஐஸ் உருகும்போது தண்ணீருக்கும் காற்றுக்கும் போக வழி வேண்டும்.

அடுத்து, மோட்டார் எப்படி ஓடியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நிற்காமல், பாரமில்லாமல், வழக்கத்தைவிடக் கீச்சென்ற சத்தத்தில் ஓடினால் அதற்குத் தண்ணீரே வந்து சேரவில்லை. தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள குழாய் உறைந்திருக்கிறது. தொட்டி வண்டிக்கு அடியில் தொங்குகிறது என்றால் தொட்டியின் வாயே உறைந்திருக்கலாம். மாறாக, குழாய் திறந்திருக்கும்போதே ஒரு நொடி ஓடி, இறுகி, தானாக நின்றுவிட்டால், மோட்டார் தண்ணீரைத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு எங்கோ அடைப்பு. 12 வோல்ட் மோட்டார்களில் அழுத்தம் ஏறியதும் தானாக நிற்கும் சுவிட்ச் உண்டு. அது வேலை செய்கிறது என்று பொருள். சமையல் குழாயில் வந்து குளியலறையில் வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் இன்னும் சுருங்கிவிடும்.

வண்டிக்கு வெளியே உள்ள குழாய், சக்கர வளைவை ஒட்டிப் போகும் குழாய், பின்கதவுக்குப் பக்கத்தில் தகரத்தோடு உரசிக்கொண்டு போகும் குழாய், இந்த மூன்றும்தான் முதலில் உறையும். கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். காலிக் குழாயின் சத்தமும் உள்ளே கெட்டிப்பட்ட குழாயின் மந்தமான சத்தமும் காதுக்கே தெரியும். கண்ணாடி ஹோஸ் போட்டிருந்தால் ஐஸ் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும்.

உருக்குவதில் அவசரம் கூடாது. உள்ளே அலமாரிக் கதவுகளையெல்லாம் திறந்து, வண்டிக்குள் இருக்கும் சூடு குழாய் வரை போகட்டும். வெயில் விழும் பக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்; வடக்கே எவ்வளவு குளிர் இருந்தாலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் குழாயில் சுற்றி, ஆறியதும் மாற்றுங்கள். இன்வெர்ட்டர் தாங்கும் என்றால் தலைமுடி உலர்த்தியை மிதமான சூட்டில் காட்டலாம். எதைச் செய்தாலும் திறந்த குழாயின் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய தண்ணீர் இரண்டு ஐஸ்கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

கொதிநீரை ஊற்றாதீர்கள், யூபிவிசி ஏறக்குறைய 60 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். தீப்பந்தம், ஸ்டவ், கேஸ் பர்னர் எதையும் குழாய் அருகே கொண்டுபோக வேண்டாம். வண்டிக்குள் பலகையும் நுரையும் துணியும்தான் இருக்கின்றன. குழாய் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் வரத் தொடங்கியதும் "சரியாகிவிட்டது" என்று கிளம்பிவிடக் கூடாது. ஒருவர் மோட்டாரைப் போட, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வோர் இணைப்பாகப் பாருங்கள்.

மோட்டாரில் சத்தமே இல்லை

பதறாமல் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். உறைந்த மோட்டார் சுற்ற முடியாமல் முறுக்கிக்கொண்டு ஃபியூஸை எரித்திருக்கலாம். அப்படியானால் மோட்டாரைக் கையால் தொட்டுக் குளிர் விலகும்வரை புது ஃபியூஸ் போட வேண்டாம், அதுவும் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். இப்போது பலரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைக்கிறார்கள். அதை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், அதற்குள் இருக்கும் காவல் சர்க்யூட் குளிரில் சார்ஜை நிறுத்திவிடும். மேலே சோலார் பலகையில் நல்ல வெயில், கீழே பேட்டரி ஏறவே இல்லை. இரண்டாம் நாள் இரவு மோட்டார் நின்றுவிடும். இது தண்ணீர்க் கோளாறே அல்ல. பேட்டரியை வண்டிக்குள், படுக்கைக்கு அடியில் கொண்டுவந்தால் தீரும்.

யாரும் குழாயைத் திறக்கவில்லை. மோட்டார் அவ்வப்போது தானாக ஓடி நிற்கிறது

எங்கோ அழுத்தம் கசிகிறது. உறைந்து உருகிய வண்டியில் இந்தச் சத்தம் கேட்டால் உடைப்பு உறுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் "டக்" என்று ஒருமுறை ஓடி நிற்கும் மோட்டாரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். தரைப்பலகைக்கு அடியில் இறங்கும் தண்ணீர் அடுத்த இரவில் அங்கேயே உறையும். பிளைவுட் உப்பி, மரச்சாமான் எல்லாம் போகும்.

கண்டுபிடிக்கும் முறை இது. இணைப்புகளையெல்லாம் துணியால் துடைத்து உலர்த்தி, அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். மோட்டாரைப் போட்டு அழுத்தம் ஏறி நின்றதும், ஆங்கிள் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடியதும் மோட்டார் அமைதியாகிறதோ, கசிவு அந்தக் கிளையில். எல்லாவற்றையும் மூடிய பிறகும் ஓடுகிறது என்றால் கசிவு மோட்டாரிலோ, மோட்டாரிலிருந்து முதல் வால்வு வரையிலோதான்.

என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரின் முகத்தில் மாட்டியிருக்கும் சிறிய சல்லடைக் கிண்ணம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். மயிரிழை போன்ற ஒரு கீறல் கிண்ணத்தின் கழுத்தை ஒட்டி வளைவாக ஓடியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, கிண்ணத்தை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளி இழையாக மின்னும். அந்தக் கீறல் நீரை வெளியே விடுவதைவிடக் காற்றை உள்ளே இழுப்பதுதான் அதிகம். அதனால் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு, துப்பித் துப்பி வரும்; கீழே ஈரமே இருக்காது. ஒரு மாற்றுக் கிண்ணம் வாங்கி டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது மிகப் பெரிய உபகாரம்.

கிண்ணம் நன்றாக இருந்து, மூடும் இடத்தில் மட்டும் கசிந்தால், ரப்பர் வளையத்தில் என்ன தடவியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் வாஷர் இறுகினால் கை தானாகத் தேங்காய் எண்ணெயைத் தேடும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே கட்டிப்படத் தொடங்கும். மார்கழிக் காலையில் நம் வீட்டுப் பாட்டிலிலேயே குறுணையாக நிற்பதைப் பார்க்கிறோமே. காஷ்மீர்க் குளிரில் அது மெழுகாகி வளையத்தை ஒழுங்காக உட்காரவிடாது. தண்ணீர்க் குழாய்களில் பெரும்பாலும் போடும் ஈபிடிஎம் ரப்பரை எண்ணெய் ஊதவும் செய்யும். பழைய வளையத்தைத் துடைத்துவிட்டு, உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

இரண்டாவது, கழிப்பறையில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட். வெளிநாட்டுக் கேம்பர் வழிமுறைகளில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு சொல்கூட இருக்காது; நம் வண்டிகளிலோ இது இல்லாமல் இருக்காது. விசையை விட்டதும் வாய் மூடிக்கொள்ளும்; மேலே ஆங்கிள் வால்வு திறந்தே கிடக்கும். ஒரு மீட்டர் ஹோஸ் நிறையத் தண்ணீர், இரண்டு பக்கமும் அடைப்பு. மற்றக் குழாய்களையெல்லாம் கவனமாக வடித்தவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள். உடைந்தால் பிளாஸ்டிக் கைப்பிடியின் உள்ளேயோ, ஹோஸ் திருகும் முனையிலோ உடையும். ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, வாளியும் குவளையும் வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.

மூன்றாவது, சூடும் குளிரும் ஒரே பிடியில் வரும் மிக்ஸர் குழாய். உள்ளே இருக்கும் செராமிக் தட்டு விரிசல் விட்டால் குழாயை எவ்வளவு அழுத்தி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். பித்தளை உடம்பும் வெடிக்கும். பித்தளை கெட்டியானது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு எல்போக்கள். யூபிவிசியும் சிபிவிசியும் குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். வளைவில்தான் முதலில் கீறும். பெக்ஸ் எனும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் அதன் இணைப்புகள் விரியாது.

வழியில் சரிசெய்ய நேர்ந்தால் பைப் பசையை நம்பாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் சட்டென்று பிடிக்கும் பசை, உறைகுளிரில் காய மறுக்கும். அழுத்தம் ஏற்றியதும் கழன்றுவிடும். பிசைந்து ஒட்டும் எபாக்ஸி மாவு வகைகளும் குளிரில் இறுக நெடுநேரம் எடுக்கும். உடைந்த துண்டை ஆக்சா பிளேடால் அறுத்தெடுத்து, பின்னல் போட்ட ஹோஸை இரண்டு முனைகளிலும் செருகி ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒரு மீட்டர் ஹோஸ், நான்கு கிளிப், இரண்டு எண்ட் கேப், ஒரு பிளேடு: மார்த்தாண்டத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், கையில் அடங்கும்.

சுடுதண்ணீர் மட்டும் வரவில்லை

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கீசர் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதை ஆன் செய்யக் கூடாது. உள்ளே சூடாகும் தண்ணீர் விரியும். வெளியேறும் குழாயும் பாதுகாப்பு வால்வும் ஐஸால் அடைத்திருந்தால் அந்த அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. முதலில் சுடுதண்ணீர்க் குழாயில் குளிர்ந்த தண்ணீராவது தாராளமாக ஓட வேண்டும். ஓடினால்தான் சுவிட்ச்.

கேஸில் உடனடியாகச் சூடாக்கும் கீசர் என்றால் உள்ளே மெல்லிய செம்புச் சுருள் இருக்கிறது. அதில் ஒரு குவளைத் தண்ணீர் நின்றாலும் போதும், வெடித்துவிடும். கீழே மூடியைத் திறந்தால் சுருளின் வளைவில் உப்பிய இடமும் அதில் நீளவாட்டில் ஒரு பிளவும் தெரியும். பற்றவைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஒட்டலாம், நம்பக் கூடாது. அந்தச் சுருளை மாற்றிவிடுவதே நல்லது.

சுருள் நன்றாக இருந்தும் அடுப்பே பற்றவில்லை என்றால் குற்றம் சிலிண்டரில் இருக்கலாம். நாம் வீட்டில் பயன்படுத்தும் கேஸ், பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆகவே நாகர்கோவிலிலிருந்து கொண்டுபோன பாதிச் சிலிண்டர், குலுக்கினால் தளும்பும். ஆனால் தீ வராது. சிலிண்டரைக் கொதிநீரில் வைப்பதோ, தீக்கு அருகில் நகர்த்துவதோ உயிருக்கு உலை வைக்கும் வேலை. வெயிலேறும்வரை பொறுங்கள்.

வண்டிக்குள் சூடு வேண்டும் என்று கதவையும் சன்னலையும் இழுத்து மூடி கேஸ் அடுப்பையோ கீசரையோ எரிய விட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. அதற்கான அலாரம் சிறிய விலைதான். படுக்கைப் பக்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கழிவுநீர் இறங்கவில்லை; தொட்டி மானி அசையவில்லை

சிங்க்கின் கீழே வளைந்திருக்கும் குழாயில் நாற்றத்தைத் தடுக்க எப்போதும் தண்ணீர் நிற்கும். அது உறைந்தால் மேலே தேங்கும். குச்சி விட்டுக் குத்தாமல் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கழிவுத் தொட்டியின் இழுவை வால்வு அசையவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். கம்பி கையோடு வந்துவிடும்.

தொட்டி மானி இரண்டு நாளாக ஒரே இடத்தைக் காட்டினால் மிதவை ஐஸில் ஒட்டியிருக்கிறது. உருகினால் அசையும்.

இன்னும் ஒன்றும் கெடவில்லை, ஆனால் இன்றிரவு உறையும் போலிருக்கிறது

செல்பேசியில் 2 டிகிரி என்று காட்டினால் தப்பித்தோம் என்று எண்ணாதீர்கள். காற்றின் வெப்பநிலையைத் தரைக்கு மேலே ஆள் மார்பளவு உயரத்தில் அளப்பார்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் வண்டியின் கூரையும் வானத்தை நோக்கித் தம் சூட்டை இழந்து அதற்கும் கீழே போய்விடும். கூரைமேல் கறுப்புக் குழாய் வைத்து வெயிலில் குளியல் தண்ணீர் சூடாக்குகிறவர்களுக்கு முதல் அடி அங்கேதான் விழும்.

காற்றடிக்கும் இரவு வேறு மாதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டி நிறுத்தியவர்களுக்குக் காற்று எப்படிச் சூட்டை உருவிக்கொண்டு போகும் என்று தெரியும். காற்று குழாயைச் சுற்றுப்புற வெப்பநிலைக்கும் கீழே கொண்டுபோகாது. ஆனால் ஆறு மணி நேரத்தில் உறைய வேண்டியதைச் சீக்கிரமே உறைய வைத்துவிடும். உறைபனியில் ஓடும் வண்டிக்கும் இதுவே கதி. அடியில் தொங்கும் குழாய், வண்டி ஓடும்போதுதான் வேகமாகக் குளிரும்.

குழாயில் நுரை உறை சுற்றினால் போதாதா என்று கேட்பார்கள். ஏசி மெக்கானிக்குகள் போடும் கறுப்பு நுரைக்குழாய் நல்ல பொருள்தான்; சுற்றுங்கள். ஆனால் அது சூட்டை உண்டாக்காது, போகும் சூட்டைத் தாமதப்படுத்தும். தண்ணீர் ஓடாமல் நிற்கும் அரை அங்குலக் குழாய் நுரைக்குள்ளும் விடிவதற்குள் உறையும். தொட்டி அப்படி இல்லை. 100 லிட்டர் தண்ணீர் முழுவதும் உறைய நிறையச் சூட்டை இழக்க வேண்டும். ஓரிரவில் மேலே ஓர் ஆடை படியும், அவ்வளவுதான். ஆகவே ஒரே இரவு என்றால் தொட்டியை விட்டுவிட்டு குழாய்களை மட்டும் காலி செய்தால் போதும். காலிக் குழாய் உறையாது. எத்தனை ஹீட்டர் வாங்கினாலும் இதைவிட உறுதியான வழியை நான் பார்க்கவில்லை.

செய்முறை: கீசரின் மின்சாரத்தையும் கேஸையும் அணைத்து, தண்ணீர் ஆறியதும் அதன் வடிகால் மூடியைத் திறந்து வடியுங்கள். தண்ணீரில்லாத கீசரில் மறுபடி சுவிட்ச் போட்டால் காயில் கருகும். சுவிட்சில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். தொட்டி வாய் வால்வை மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறங்கள். மிக்ஸரின் பிடியை நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் இருந்தால் ஒரு பக்கம் மட்டுமே வடியும். ஹெல்த் ஃபாசெட்டின் விசையை அழுத்திப் பிடித்து ஹோஸைத் தாழத் தொங்கவிடுங்கள். தாழ்வான இடத்திலுள்ள வடிகால் வால்வைத் திறந்து, வடிகால் பக்கம் சரியும்படி எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றுங்கள். கடைசியாக மோட்டாரைச் சில நொடிகள் வெறுமனே ஓட்டி, அதற்குள் இருக்கும் நீரை வெளியேற்றி, சல்லடைக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். குடிநீர் வடிகட்டியின் உறைகளையும் கழற்றி உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ சவ்வு ஒருமுறை உறைந்தால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வடிகட்டாது.

20 லிட்டர் கேன் ஒன்றைப் படுக்கைப் பக்கம் வைத்துவிட்டால் சமையலும் குடிநீரும் நடக்கும். காஷ்மீரின் சோனமார்க்கிலோ ஸ்பிதியின் காஸாவிலோ பல நாள் தங்குவதாக இருந்தால், அங்கே இருக்கும்வரை குழாய் அமைப்பையே மூடிவிட்டு வாளியும் குவளையுமாக இருந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

வண்டி இன்னும் ஊரில்தான் நிற்கிறது. கிளம்பும் முன் என்ன பார்ப்பது

ஒரே ஒரு சோதனை. எல்லாவற்றையும் வடித்துக் காலியாக்கிய வண்டியில் வாளியால் அளந்து 20 லிட்டர் ஊற்றுங்கள். மோட்டாரைப் போட்டு எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும்வரை ஓட்டி, வெளியே வருவதையும் வாளியில் பிடியுங்கள். பிறகு தொட்டியையும் சேர்த்து மேலே சொன்னபடி வடித்து, அதையும் அளந்து கூட்டுங்கள். குறைவது எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் உங்கள் குழாய்களில் எங்கோ ஒளிந்திருக்கிறது. நம் பட்டறைகளில் குழாயைச் சுவரோடு அழகாக, மட்டம் பார்த்து அடிக்கிறோம். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக ஓர் இடத்தில் கீழே இறக்கி மறுபடி ஏற்றுகிறோம். அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். அங்கே ஒரு 'T' இணைப்பும், வடிப்பதற்கு ஒரு பந்து வால்வும் (ball valve) போட்டால் தீர்ந்தது. பட்டறைக்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். இது உங்கள் உரிமை.

மிச்சத்தைக் காற்றால் ஊதலாம். ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அப்படியே செருகினால் பனி செய்ய வேண்டியதைக் காற்றே செய்துவிடும். ரெகுலேட்டர் வைத்து 30 முதல் 40 பிஎஸ்ஐக்குள் நிறுத்தி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதுங்கள்.

ஊத வழியில்லாத இடங்களுக்கு, குறிப்பாக சிங்க் வளைவுக்கு, புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றலாம். உணவு, மருந்துத் தரத்தில் கெமிக்கல் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. ரேடியேட்டர் கூலண்ட்டை ஊற்றவே கூடாது. பெரும்பாலானவற்றில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு அது, இனிப்பாக வேறு இருக்கும்.

உப்பு போட்டால் என்ன என்று சாமிதோப்பு, தாமரைக்குளம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தோன்றுவது இயல்பு. கடல்நீர் அளவு உப்பு இருந்தால் சுமார் மைனஸ் 2 டிகிரியிலேயே உறைந்துவிடும். மைனஸ் 21 வரை தாங்க வேண்டுமானால் கரைசலில் கால்பங்குக்குச் சற்றுக் குறைய உப்பு வேண்டும். அது பித்தளையையும் கீசரையும் மோட்டாரையும் அரித்துத் தின்றுவிடும்.

தண்ணீர் வருகிறது, ஆனால் இனிக்கிறது, நுரைக்கிறது

கிளைக்கால் இன்னும் குழாயில் இருக்கிறது. ஒவ்வொரு குழாயிலும் நுரை நிற்கும்வரை ஓடவிடுங்கள். வடிகட்டிகளை அதற்குப் பிறகே மாட்டுங்கள். பல வாரம் மூடிக்கிடந்த தொட்டி என்றால் 60 லிட்டருக்கு 60 மில்லி என்ற கணக்கில், மணம் சேர்க்காத 5 சதவீத பிளீச் கலந்து, எல்லாக் குழாய்களிலும் வாசனை வரும்வரை ஓட்டி, ஓர் இரவு விட்டு, இரண்டு முறை அலசுங்கள்.

பயணம் முழுவதும் நன்றாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு ஒழுகுகிறது

இது அடிக்கடி நடக்கிறது. வழியில் எங்கோ ஓரிரவு லேசாக உறைந்து எல்போவில் ஒரு கீறல் விழுந்திருக்கும், உடைந்திருக்காது. திரும்பி வரும் வழியெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, நம் ஊர் வெயிலில் குழாய் விரிந்ததும் வாய் திறக்கும். ஒழுகும் ஓர் எல்போவை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதற்கு அடுத்தது ஒழுகும். ஒரே வரிசையில், ஒரே குளிரில் கிடந்த எல்போக்களைச் சேர்த்தே மாற்றுங்கள்; வண்டியின் வெளிப்பக்கம் போகும் வரிசைக்கு இந்தமுறை பெக்ஸ் போடச் சொல்லுங்கள். பசை காய ஒரு முழு நாள் கொடுத்து, மோட்டாரைப் போட்டு அழுத்தம் ஏற்றி, எல்லாக் குழாயையும் மூடி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். அந்த இரவில் மோட்டார் ஒருமுறைகூட ஓடவில்லை என்றால் மட்டும் தரைப்பலகையைத் திரும்ப அடியுங்கள்.